பிள்ளை கேட்கும் கேள்வியும் வீட்டின் மௌனமும்

(ஆந்திரத்தில் திருப்பதி பக்கத்து ஏர்பேட்டில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில் சில பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனார்கள். பட்டியல் சாதிக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி வயதுப் பிள்ளைகள். கடைக்காரர் தரவில்லை. ஊரில் கட்டுப்பாடு வந்திருக்கிறது, உங்கள் தெருவுக்கு இனி யாரும் எதுவும் விற்கமாட்டார்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தக் காட்சி கைபேசியில் படமாகிப் பரவியது. படத்தில் ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கிறது: என்ன கட்டுப்பாடு?

காவல்துறை கடைக்காரர் உள்ளிட்டோரைக் கைது செய்தது. அதிகாரிகள் கடைக்குச் சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அரிதாகவே கையிலெடுக்கப்படும் ஒரு பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது, சரிதான். ஆனால் பிள்ளையின் கேள்விக்குக் காவல் நிலையத்தில் பதில் கிடையாது. வீட்டில் போய்ச் சொல் என்று அனுப்பிய சேதி அது. அன்று மாலை அந்த வீடுகளில் அப்பாவும் அம்மாவும் என்ன சொல்லியிருப்பார்கள்?

இன்னொரு வீடும் இருக்கிறது. அதே ஊரில், அதே கடையில், அன்றும் மறுநாளும் தடையில்லாமல் மிட்டாய் வாங்கிய பிள்ளைகளின் வீடு. அந்தப் பிள்ளைகளும் படத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் வீட்டில் கேட்டார்களா, கேட்டால் என்ன பதில் கிடைத்தது என்று எந்தச் செய்தியாளரும் போய் விசாரித்ததாகத் தெரியவில்லை. இந்தச் சொற்பொழிவு இரண்டு வீடுகளைப் பற்றியும் பேசுகிறது. இரண்டாவது வீட்டின் வேலைதான் இதுவரை தொடங்காத வேலை என்பது இதன் துணிபு.

அமெரிக்காவில் இத்தகைய ஒதுக்கலை இனம், நிறவெறி என்ற பெயரில் பேசுகிறார்கள். நம் பக்கத்தில் அதற்கு நேராக நிற்பது சாதி. நிறமும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 2001இல் டர்பன் நகரில் ஐ.நா. கூட்டிய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று தலித் அமைப்புகள் போராடின. இந்திய அரசு கூடாது என்றது. மறு ஆண்டே, பிறப்பு வழி வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு எழுதியது. அறிஞர்கள் வாதிடட்டும். வெறுங்கையோடு திரும்பிய பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த வீட்டில் பிறந்தாய் என்பதை வைத்து உன்னைத் தள்ளி நிறுத்துவேன் என்று ஒருவர் சொல்கிறார். அவ்வளவு போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் என்ன தெரியும், வளரட்டும், பிறகு சொல்லலாம் என்பார்கள் பெரியவர்கள். அது உண்மையா என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். 2005இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, பிறந்த சில நாளே ஆன சிசுக்களுக்கு எந்த இனத்து முகமும் ஒன்றுதான் என்று கண்டது. மூன்று மாதத்துக்குள் தங்களைச் சுற்றியிருக்கும் முகங்களைப் போன்றவற்றையே அதிகம் பார்க்கத் தொடங்குகிறார்கள். மறு ஆண்டு இஸ்ரேலில் நடந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. எத்தியோப்பியாவிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள், இரு வகை முகங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள், இரண்டையும் சமமாகப் பார்த்தார்கள். விருப்பு வெறுப்பு பிறவியில் வருவதில்லை. யாரோடு வளர்கிறோம் என்பதில் வருகிறது. 2020இல் அமெரிக்கப் பெரியவர்களிடம், இனத்தைப் பற்றிப் பிள்ளைகளோடு எந்த வயதில் பேச ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்து வயது என்று பதில் வந்தது. அதற்குள் பிள்ளை பல ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளர் தம்பதி 1940களில் செய்த பொம்மைச் சோதனையைப் பலர் அறிவார்கள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மையும் பழுப்புப் பொம்மையும் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் நல்லது என்று காட்டியது வெள்ளைப் பொம்மையை. உன்னைப் போல இருக்கும் பொம்மை எது என்ற கடைசிக் கேள்விக்குச் சில பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்தச் சோதனையையும் குறிப்பிடுகிறது.

சாதி தோலில் எழுதியிருப்பதில்லை. ஆகவே இதைப் பிள்ளைக்கு யாராவது கற்றுக்கொடுத்தாக வேண்டும். வாய் திறந்து கற்றுக்கொடுப்பவர் குறைவு. கிணற்றடியில் தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளர் கற்றுக்கொடுக்கிறது. முன்வாசல் வழியாக வருகிறவர் யார், கொல்லைப்புறம் வழியாக வருகிறவர் யார் என்பது கற்றுக்கொடுக்கிறது. கூலியைக் கையில் வைக்காமல் மேலிருந்து போடும் விரல்கள் கற்றுக்கொடுக்கின்றன. புதிதாகச் சேர்ந்த கூட்டாளியின் பெயரைச் சொன்னதும் பாட்டி கேட்கும் அடுத்த கேள்வி, அவன் வீடு எந்தப் பக்கம் என்பது. அந்தப் பக்கம், காலனி, தெலுங்கில் வாடா என்று எந்தச் சொல்லில் பதில் வந்தாலும், கேட்டவரின் முகம் மாறுவதைப் பிள்ளை பார்த்துவிடுகிறது. 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், தங்கள் வீட்டில் யாரோ ஒருவர் தீண்டாமை பார்க்கிறார் என்று ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 விழுக்காடு. தானே ஒப்புக்கொண்டவர்களின் கணக்குதான் இது. அந்த வீடுகளில் எல்லாம் பிள்ளைகள் இருக்கிறார்கள், கண் திறந்தபடி.

இனி, பேச நினைப்பவர்களுக்கே ஏன் பேச்சு வருவதில்லை என்ற கேள்வி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிர்கிட்டே விட்ரப் என்ற ஆய்வாளர் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் உள்ள சுமார் நூறு வெள்ளையர் குடும்பங்களை எடுத்துக்கொண்டார். சிலருக்குப் பல இனத்தவர் நட்பாக இருக்கும் படங்களைப் போட்டுக்காட்டச் சொன்னார். சிலரிடம் பிள்ளைகளோடு வெளிப்படையாகப் பேசச் சொன்னார். பேச வேண்டும் என்று தெரிந்ததும் சில குடும்பங்கள் ஆய்விலிருந்தே விலகிக்கொண்டன. மிஞ்சியவர்களிலும் பலர் எல்லாரும் சமம் என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த வாக்கியம் பிள்ளைகளிடம் ஒரு மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. யார், யாரை, எப்படி என்று நேராகப் பேசிய மிகச் சில வீடுகளில்தான் பிள்ளைகளின் எண்ணம் அசைந்தது.

தமிழ் வீடுகளுக்கு இது நன்றாகத் தெரிந்த நிலைமைதான். பாரதியின் பாப்பாப் பாட்டைப் பாடாத தமிழ்ப் பிள்ளை கிடையாது. சாதி இல்லை என்று பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறது அந்தப் பாட்டு. காலையில் அதை ஒப்பிக்கும் பிள்ளை மதியம் சாதிச் சான்றிதழ் நகலோடு பள்ளி அலுவலக வாசலில் நிற்கிறது. இல்லை என்று பாடியதற்கு ஏன் சான்றிதழ்? இந்தக் கேள்வியை நாலாம் வகுப்புப் பிள்ளையே கேட்கும். பாட்டு ஒரு விருப்பத்தைச் சொல்கிறது, சான்றிதழ் ஒரு நிலைமையைச் சொல்கிறது, இடையில் இருக்கும் தூரத்தை எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

அந்தப் பாரதி பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அடுத்த மாதமே உசிலம்பட்டி என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்தார்கள் என்று செய்தி வந்தது. சுடச்சுட உப்புமாவும் பொங்கலும் இறக்கி வைத்திருக்க, பசியோடு பிள்ளைகள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். கரூர் மாவட்டத்தில் இதே போன்ற சிக்கல் எழுந்தபோது மாவட்ட ஆட்சியர் நேரில் போனார்.

அமைச்சர் ஒரு நாள் வந்து சாப்பிடலாம். மறுநாள் காலையில் பள்ளிக்கு அனுப்புகிற அம்மா என்ன சொல்லி அனுப்புகிறார் என்பதுதான் நிலைக்கும். ஆறு வயதுப் பிள்ளை தன் பசியை மீறி ஒரு தட்டை ஒதுக்குகிறது என்றால், வீடு அதற்கு எவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்! பிள்ளையிடம் சாதியைப் பேச முடியாது, வயது போதாது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேசியிருக்கிறார்கள். ஒரு பக்கப் பேச்சாகப் பேசியிருக்கிறார்கள்.

உத்தராகண்டில் சம்பாவத் மாவட்டத்துச் சூக்கிடாங் என்ற ஊரின் பள்ளியில் 2021 டிசம்பரில் நிலைமை ஒரு படி மேலே போனது. தலித் பெண் சமைத்ததை மேல்சாதிப் பிள்ளைகள் உண்ண மறுத்தார்கள், அவர் நீக்கப்பட்டார். வேறொருவர் சமைக்க வந்ததும் தலித் பிள்ளைகள், அப்படியானால் இவர் சமைப்பதை நாங்கள் தொடமாட்டோம் என்றார்கள். கடைசியில் பழைய சமையல்காரர் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். அந்தத் தலித் பிள்ளைகளின் வீடுகளில் யாரோ நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களில் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வண்ணக் கயிறுகளைப் பற்றிப் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பேசுகிறார்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்பது அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் தடை செய்யச் சுற்றறிக்கை அனுப்பினார், எதிர்ப்பு வந்ததும் அமைச்சர் பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் பள்ளிச் சிறுவர்கள் என்பதுதான் நாட்டை உலுக்கியது. அதன்பின் அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், சாதி நிறம் பூசிய சைக்கிள் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதிக் கட்டம் கூடாது, உதவித்தொகைச் செய்தியை வகுப்பில் எல்லார் முன்னும் வாசிக்கக் கூடாது என்று பலவற்றைச் சொன்னது.

வகுப்பில் எழுந்து நின்று உதவித்தொகைக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கடைசிப் பரிந்துரையின் அருமை தெரியும். அறிக்கையில் உள்ளவை பெரும்பாலும் அரசும் பள்ளியும் செய்ய வேண்டியவை, அவசியமானவை. ஆனால் கயிறு வீட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறது. காலையில் குளித்துச் சட்டை மாட்டும் பையனின் கையில் அதைப் பார்க்காத அம்மா இருக்க முடியாது. பார்த்தும் ஒன்றும் கேட்காமல் டிபன் பாக்ஸை நீட்டுவது, அனுமதித்ததாகவே பையனுக்குப் படும்.

அவமானப்படும் வீட்டின் பேச்சு வேறு வகை. அதற்கு அம்பேத்கரின் சிறுவயதை விடத் தெளிவான சான்று இல்லை. 1935-36 வாக்கில் அவர் எழுதி வைத்த தன்வரலாற்றுக் குறிப்பில் 1901ஆம் ஆண்டுப் பயணம் ஒன்று வருகிறது. அப்போது அவருக்கு ஒன்பது வயது. தாய் இறந்துவிட்டார். பிள்ளைகள் சாத்தாராவில் இருந்தார்கள். தந்தை கோரேகாவில் காசாளர் வேலையில் இருந்தார். கோடை விடுமுறைக்கு வரச் சொல்லித் தந்தை எழுத, புதுச் சட்டையும் தொப்பியுமாகப் பிள்ளைகள் ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. அன்பாக விசாரித்த நிலைய அதிகாரியிடம், யோசிக்காமல், நாங்கள் மகர்கள் என்று சொல்லிவிட்டார் சிறுவன் பீம். அதிகாரியின் முகம் மாறிப்போனது. வண்டிக்காரர் எவரும் ஏற்றவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வர ஒப்புக்கொண்டார். கையில் சோறு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரவு முழுக்கத் தாகம்.

தாங்கள் தீண்டப்படாதவர்கள் என்பது அதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார்ந்தார், பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். அது உலகத்தின் இயல்பு என்று இருந்த பிள்ளைக்கு, அந்த ஒரு பயணம்தான் அதிர்ச்சியைத் தந்தது என்று அவரே எழுதுகிறார். தெரிந்திருப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு. அந்த இடைவெளியில் பிள்ளை தனியாக நின்றால், குறை தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிடும். முன்கூட்டியே பேசிய வீட்டுப் பிள்ளைக்கு, குறை எதிரே நிற்பவரிடம் இருக்கிறது என்று தெரியும்.

என்ன பேசுவது? ஊருக்குள் போனால் ஜாக்கிரதை, வாயைக் கொடுக்காதே என்ற எச்சரிக்கை பெரும்பாலான தலித் வீடுகளில் உண்டு. காரணமில்லாமல் இல்லை. 1985இல் இதே ஆந்திரத்தில் காரம்சேடுவில் குடிநீர்க் குளத்தை அசுத்தப்படுத்தாதே என்று மாதிகர் என்ற பட்டியல் சாதியினர் தட்டிக் கேட்டதற்கு ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது. டயான் ஹியூஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யாரையும் நம்பாதே என்று மட்டும் சொல்லி வளர்ப்பது பிள்ளைக்கு நன்மை செய்வதாகத் தெரியவில்லை. தன் மக்களின் வரலாற்றையும் பெருமையையும் சொல்லி வளர்த்த வீடுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு உயர்ந்திருந்தது. ஆகவே காரம்சேடுவைச் சொல்லும் வீடு கேரளத்து அய்யன்காளியையும் சொல்ல வேண்டும். நடக்கக் கூடாத சாலையில் வில்வண்டி ஓட்டிப் போனவர் அவர். பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப் போனவர். அவள் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சை அந்தப் பள்ளி இன்றும் காத்து வைத்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? தெலுங்கு படிக்கும் வீடுகளுக்குத் தலித் கவிஞர் குர்ரம் ஜாஷுவா இருக்கிறார்.

ஏர்பேட்டில் கதைக்குப் பஞ்சமில்லை. ஊரிலேயே வியாசாசிரமம் இருக்கிறது. 1926இல் அதை நிறுவிய மலையாள சுவாமி குருவாயூர் அருகே எங்கண்டியூரில் 1885இல் பிறந்தவர், ஈழவர். அவர் பிறந்த காலத்துக் கேரளத்தில் ஈழவருக்குக் கோயில் வாசல் அடைத்தே கிடந்தது. நாராயண குருவின் சீடரான சிவலிங்க சுவாமியிடம் படித்து, திருமலைக்கு வந்து கோகர்ப்பத்தில் ஆண்டுக்கணக்கில் தவம் இருந்து, பிறகு இங்கே இறங்கி வந்தார். ஓங்காரமும் வேதாந்தமும் எல்லாச் சாதியாருக்கும் பெண்களுக்கும் உரியவை என்று வாதிட்டு, சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். வைதிகர்களின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு 1962இல் மறையும் வரை அதையே செய்தார். பிள்ளைகளை ஆசிரமத்துக்குக் கூட்டிப் போகும் பெற்றோர் கும்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு நில்லாமல், இந்தச் சுவாமிக்கு அவர் ஊர்க் கோயிலில் இடம் இருந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். பேச்சு தானாகத் தொடங்கும்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காளத்தி. கண்ணப்பர் கதை தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. பெரும்பாலும் பக்தியின் கதையாக மட்டும் சொல்லி, கண்ணைப் பெயர்த்து அப்பிய இடத்தில் முடித்துவிடுகிறார்கள். சேக்கிழார் சொல்வதில் இன்னொரு பாதி இருக்கிறது. கண்ணப்பராகும் முன் அவர் திண்ணன் என்ற வேடன். வாயில் நீர் கொண்டுவந்து ஆட்டினான், இறைச்சி படைத்தான். வழக்கமாகப் பூசை செய்யும் சிவகோசரியார் அதைக் கண்டு பதறி, இடத்தைச் சுத்தம் செய்து, தீட்டு நீங்கப் பரிகாரம் செய்தார். ஏன் பதறினார் என்று கேட்கும் பிள்ளைக்குக் கதை அங்கேதான் விரிகிறது. சாமி கண்ணப்பரை ஏற்றுக்கொண்டார், ஊர் ஏற்றுக்கொண்டதா? பக்கத்து வயல்களில் எலி பிடித்தும் ஏரியில் மீன் பிடித்தும் பிழைக்கும் யானாதிப் பழங்குடிக் குடும்பங்கள் இன்றைக்கு எந்தக் கோடியில் குடியிருக்கின்றன? ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டை மாடியில் ஏறி வானத்தைப் பார்க்கிறார்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். 1969இல் ஸ்ரீஹரிகோட்டாவை ஏவுதளத்துக்கு எடுத்தபோது தீவை விட்டு வெளியேற வேண்டியிருந்தவர்கள் யானாதிகள் என்பதை அதே மாடியில் சொல்லலாம். அழுக்குச் சட்டையோடு வரும் பிள்ளையை ஒரு பழங்குடியின் பெயரைச் சொல்லித் திட்டும் வழக்கம் தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. அதை நிறுத்தப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

2015இல் ஐஐடியும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனமும் திருப்பதிக்கு வந்து, இப்போது ஏர்பேடு மண்டலத்தில் நிலைகொண்ட பிறகு, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் இங்கே பஸ் ஏறுகிறார்கள். பஸ்ஸில் வடகிழக்கு மாநிலப் பெண் ஒருவரைப் பார்த்து, அந்த அக்கா சீனாவா என்று பிள்ளை உரக்கக் கேட்டுவிட்டால், அம்மா வெட்கப்பட்டு வாயைப் பொத்துகிறார். பொத்திய கை, இது கேட்கக் கூடாத விஷயம், அந்த அக்காவிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிவிடும். அந்த அக்காவும் நம் நாடுதான், அருணாசலத்திலோ மணிப்பூரிலோ நிறையப் பேருக்கு முகம் இப்படி இருக்கும், வேண்டுமானால் வணக்கம் சொல்லி ஊரைக் கேள் என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. 2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில் அருணாசல மாணவர் நிடோ தானியாவைத் தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்தவர்கள், அவர் எதிர்த்ததும் அடித்தார்கள், அவர் இறந்தார். வடகிழக்கு மக்கள் படும் பாட்டை ஆராயப் பெஸ்பருவா குழு அதற்குப் பிறகு அமைந்தது. வடகிழக்கின் வரலாற்றைப் பாடநூல்களில் சேர்க்கச் சொன்னது அந்தக் குழு.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. குழந்தை பிறந்ததும் நிறம் கேட்பது, கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ, வெயிலில் ஆடாதே கறுத்துப்போவாய் என்ற அதட்டல் எல்லாம் பிள்ளையின் காதில் விழுகின்றன. 2020இல் மேற்கு வங்கத்தில் ஒரு பள்ளியின் அரிச்சுவடியில், அசிங்கம் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லுக்குக் கறுத்த சிறுவனின் படம் போட்டிருந்தது தெரிந்து இரண்டு ஆசிரியைகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டுதான் 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு க்ரீம், கிளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரை மாற்றக் கம்பெனிக்கு 45 ஆண்டுகள் பிடித்தன. வீட்டில் அந்த அதட்டலை இன்று மாலையே விட்டுவிட முடியும்.

பாட்டி இருக்கும் வீட்டில் என்ன செய்வது என்பது நியாயமான கவலை. பாட்டி டம்ளரைத் தனியாக வைக்கிறார், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, பிள்ளை இருவரையும் பார்க்கிறது. பாட்டியை இழிவாகப் பேசத் தேவையில்லை. பாட்டி வளர்ந்த காலத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள், அது தப்பு, வேலைக்கு வருகிறவர்களுக்கு அதனால் மனசு நோகும், நம் வீட்டில் இனி எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அம்மாவே அந்த டம்ளரை எடுத்துச் சமையலறை அலமாரியில் மற்றவற்றோடு வைத்தால் போதும். பாட்டியோடு ஒரு வாரம் மனத்தாங்கல் இருக்கும். பாட்டிக்கும் பேரப்பிள்ளை முக்கியம்.

பதினைந்து வயதானவர்களோடு பேச்சு கடினமாகிறது. திருப்பதியின் கோச்சிங் சென்டர்களில் படிக்கும் பிள்ளை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அவனுக்கு என்னைவிட மார்க் குறைவு, அவனுக்கு ஏன் சீட் என்று கேட்கும். அப்பாவும் சேர்ந்து பெருமூச்சு விட்டால் முடிந்தது, பிள்ளை அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தப் பெருமூச்சைச் சுமக்கும். அங்கே வரலாறு வேண்டும். இந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்த நாளில், அரசாணைப்படி ஒவ்வொரு பதினான்கு கல்லூரி இடத்திலும் பிராமணருக்கு இரண்டு, அரிசனருக்கு இரண்டு, பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்பட்டோருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கும் கிறித்தவருக்கும் ஒவ்வொன்று என்று பங்கு இருந்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் அதைச் செல்லாது என்றது. மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வழக்குத் தொடுத்த அவர் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது விசாரணையில் தெரிந்த செய்தி. தமிழகம் கொந்தளித்தது, அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. பத்தாண்டு கழித்து, 1961 கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 24 விழுக்காடு. பட்டியல் சாதியாரில் அது சுமார் 10, பழங்குடியாரில் 8.5. அந்தப் பத்துப் பேரில் சேராத தொண்ணூறு பேரின் பேரப்பிள்ளைதான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்.

இதைக் கணக்காகச் சொன்னால் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போகும். சொந்த வீட்டிலிருந்து தொடங்கினால் நிற்கும். நம் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பள்ளி, யார் பீஸ் கட்டினார், வீட்டில் நிலம் எவ்வளவு இருந்தது, அந்த நிலத்தில் உழுதவர்களின் பிள்ளைகள் அப்போது எங்கே இருந்தார்கள். தாத்தாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்டு ஒரு நோட்டில் பிள்ளையே எழுதட்டும். முதல் நாலு கேள்விக்குப் பதில் சட்டென்று வரும். கடைசிக் கேள்விக்குப் பெரியப்பா கொஞ்சம் யோசிப்பார். அவர் யோசித்துச் சொல்லும் வரை பிள்ளை பேனாவோடு உட்கார்ந்திருக்கட்டும். அந்த உழவர் குடும்பம் இன்னும் அதே ஊரில் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து போய் அவர்களிடமும் கேட்டு வரட்டும்.